கடல் தேறிய கணக்கு

கள்ளிக்குப்பத்தில் ஒரு மாலை, தொழுகை முடிந்து சிலர் அமர்ந்திருந்தபோது பேச்சு எண்ணூர்ப் பக்கம் திரும்பிற்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அக்கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும், மீனவர் வலைகளும் படகுகளும் கறுத்ததையும் கூறி வருந்தினோம். "கடல் பெரிது தம்பி, தானே தேறிக்கொள்ளும்" என்றார் பெரியவர் ஒருவர். அவர் கூற்று பொய்யன்று. எத்தனை காலத்தில் என்று நாம் வினவாமல் விட்டதே குறை.

விடை கூறும் கற்கள் நம் நாட்டிலேயே உள. குமரிக்கண்டத்தைக் கடல் கொண்ட கதையை மேடைதோறும் சலியாது பேசுகிறோம். அரியலூரைக் கடல் கொண்டிருந்தமைக்குக் கையில் எடுத்துக் காட்டத்தக்க சான்றுகள் இருந்தும் வாய் திறப்பதில்லை! அங்குள்ள பழம்பாறைகளில் அம்மோனைட்டு என்னும் சுருளோட்டு உயிரி மிகுதி. அவற்றின்மேல் படிந்த நினியூர்ச் சுண்ணாம்புக் கல்லில் அது இல்லை. அதன் உறவான நாட்டிலசு மட்டும் உண்டு.

இவ்விரு பாறைகளுக்கும் இடையே நிகழ்ந்ததே பேரழிவு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் விண்கல் வீழ்ந்து வானம் இருண்டது. கதிரொளி இன்றிக் கடல்மேல் மிதக்கும் நுண்ணுயிர்கள் மடிந்தன. சுண்ண ஓடுடைய மிதவையினங்களுள் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தன. மிதவைகளோடு வாழ்ந்த அம்மோனைட்டுக் குஞ்சுகளும் உடன் மாண்டன என்றும், பெரிய முட்டையிடும் நாட்டிலசு தப்பியது என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர்.

மீட்சியின் தொடக்கத்தை இராசமுந்திரியில் காணலாம். எரிமலைப் பாறைகளிடையே சிக்கிய கடற்படிவில், அழிவை அடுத்துத் தோன்றிய போராமினிபெரா என்னும் மிகச்சிறு மிதவைகள் இருப்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 2016இல் அம்மெக்சிகோப் பள்ளத்தையே துளையிட்டனர். சில ஆண்டுகளில் உயிர்கள் அங்கு வந்துவிட்டன. 30,000 ஆண்டுகளுக்குள் வளமும் திரும்பிற்று. பெரியவர் மகிழலாம். ஆனால், சுண்ணநுண்பாசிகளின் கூட்டம் நிலைபெற 18 இலட்சம் ஆண்டுகளும், போராமினிபெராக்களின் இனவகை பழைய அளவை எட்ட ஏறத்தாழ 1 கோடி ஆண்டுகளும் ஆயின என்பது 2019இல் வெளிவந்த ஆய்வுகளின் முடிவு. அப்போதும் வந்தவை பெரும்பாலும் புதியவை. அம்மோனைட்டு வரவே இல்லை.

எண்ணெய்ப் படலம் விண்கல் அன்று; அறிவோம். எனினும் "தானே தேறும்" என்னும் சொல்லை ஆறுதலாகக் கூறுவோர் கடலின் நாட்காட்டியை மீனவன் கையில் கொடுக்கின்றனர். இறால் பிடித்து அன்றாடம் உலை வைப்பவன் அதை வைத்து என்ன செய்வான்?

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் நாள்தோறும் சிமெண்டாகிறது. நம் வீட்டுச் சுவரிலும் அக்கடல் இருக்கக்கூடும். மாணவர் கல்விச் சுற்றுலாவிற்குப் பூம்புகாரோடு வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்தையும் சேர்க்குமாறு துறையில் கேட்டுள்ளோம். இசைந்தால் பெரியவரையும் உடன் அழைத்துச் செல்வோம்.