சாய்மனைக் கதிரையை லொறியில் ஏற்ற முன்...



பழைய தளபாடம் வாங்கும் லொறிகள் எங்கள் கிழக்குக் கரையோர ஊர்களுக்குள் அடிக்கடி வருகின்றன. வந்தவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது விறாந்தையைத்தான். கால் ஆடும், பிரம்பு அறுந்த சாய்மனைக் கதிரை ஒன்று கிடந்தால், "இது உடைஞ்சதுதானே" என்று அடிமாட்டு விலை பேசுவார்கள். நாமும் இடம் மிச்சம் என்று கொடுத்து விடுகிறோம்.

கொடுக்காதீர்கள். திருத்துங்கள். இதுதான் என் கருத்து.

உடைந்தது என்று நாம் எதைச் சொல்கிறோம்? பெரும்பாலும் சட்டம் உடைவதில்லை. தேக்கிலோ முதிரையிலோ செய்த சட்டம், கறையான் பிடிக்காவிட்டால் இன்னும் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். அறுந்தது பிரம்பு. ஆடுவது மூட்டு. இரண்டையும் திருத்தலாம்.

மூட்டில் ஆணி மட்டும் அடிக்காதீர்கள். பழைய மரம் வெடிக்கும், ஆணி துருப்பிடிக்கும், பிறகு ஓடாவியாலும் ஒழுங்காகக் கழற்ற முடியாது. மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை பூசி, கயிற்றால் முறுக்கி ஒரு நாள் வைக்க வேண்டும். பிரம்பு அறாமல் தொய்ந்து மட்டும் இருந்தால், வெந்நீரில் நனைத்த துணியால் அடிப்பக்கத்தை ஒற்றிக் காயவிடுங்கள். காயும்போது ஓரளவு இறுகும். அறுந்திருந்தால் பின்னத்தான் வேண்டும்.

"பின்னுற கூலிக்குப் புதுக் கதிரையே வாங்கலாமே சேர்" என்பார்கள். நியாயமான கேள்விதான். பிரம்பை ஊறவைத்து, சட்டத்தின் ஒவ்வொரு துளையிலும் கோர்த்து, நெடுக்கே, குறுக்கே, மூலைக்கு மூலை என்று பல தடவை இழை ஓட்ட வேண்டும். நாட்கணக்கில் குனிந்திருந்து செய்யும் வேலை. கூலி கூடத்தான் வரும். ஆனால் பிளாஸ்டிக் கதிரையின் கால் உடைந்தால் அது நேரே குப்பைக்குத்தான் போகும். பின்னியவருக்குக் கொடுத்த கூலியோ நம் ஊரில் ஓர் அடுப்பை எரிய வைக்கும்.

எனக்குத் தெரிந்த பின்னல்காரர் ஒருவர் எழுபதைத் தாண்டியவர். ஏன் யாருக்கும் பழக்கவில்லை என்று கேட்டேன். "வேலை வந்தாத்தானே சேர் பொடியன் பக்கத்துல இருப்பான்" என்றார். பாடசாலையில் பிள்ளைகளுக்குத் தொழினுட்பத் திறன் பாடம் இருக்கிறது. ஒரு உடைந்த கதிரையையும் இப்படி ஒருவரையும் ஒரு நாள் பாடசாலைக்கு அழைத்து வந்தால், கொப்பியில் எழுதிப் படிப்பதை விடக் கூடுதலாகப் படிப்பார்கள். அதிபர்மாரும் சக ஆசிரியர்களும் இதை யோசியுங்கள்.

2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகளோடு எத்தனையோ பழைய சாமான்களும் போயின. அதில் தப்பியதை நாமே லொறியில் ஏற்றி விடுகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கதிரை போனால், வீட்டில் மூத்தவருக்கென்று இருந்த இடமும் போகிறது. விறாந்தையில் சாய்ந்திருந்து, போறவாற ஆக்களிடம் சுகம் விசாரித்த மூத்தவாப்பா, இப்போது உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார். "வாப்பா ஏன் இப்ப பேசுறதே குறைவு" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பேசுவதற்கு அவர் முன்னால் யார் போகிறார்கள்?

அறுந்த செருப்பைத் தம் கையாலேயே தைத்துக்கொண்ட நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். திருத்திப் பாவிப்பது நமக்கு வெட்கமாக இருக்கக்கூடாது.

உங்கள் ஊரில் பிரம்பு பின்னத் தெரிந்தவர், பழைய மூட்டு வேலை தெரிந்த ஓடாவி யாராவது இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டுக் கீழே கமெண்ட்டில் எழுதுங்கள். லொறி அடுத்த முறை வருவதற்குள் அவர்களுக்கு நாலு வேலை போய்ச் சேரட்டும்.