யார் கையில் ரயில் பாஸ்?

ஜவ்வாது மலையில் சாமை அறுப்பு முடிந்து களம் காலியானதும், ஜமுனாமரத்தூரிலிருந்து கீழே இறங்கும் பஸ்களில் கூட்டம் நெரிகிறது. புருஷன், பெண்சாதி, கைக்குழந்தை, துணி மூட்டை, ஒரு தூக்குச்சட்டி. ஒரு பஸ் போளூருக்கு. இன்னொன்று ஆலங்காயம் வழியாகச் சமவெளிக்கு. அங்கிருந்து ஜோலார்பேட்டை ஜங்ஷன். இரவு ரயிலில் பொதுப் பெட்டி. கேரளத்து மிளகுத் தோட்டம், குடகு காப்பித் தோட்டம், திருப்பூர் பனியன் கம்பெனி என்று ஆளுக்கொரு திசை.

மலையின் கிழக்கே காட்பாடி-விழுப்புரம் பாதை. வடக்கிலும் மேற்கிலும் காட்பாடி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், சேலம் என்று பெரிய பாதை. மூன்று பக்கமும் ரயில் ஓடுகிறது. ஆனால் மலைவாசியான கூலிக்காரர் அந்த ரயிலில் தம் சொந்தக் காசில், தாம் நினைத்த இடத்துக்கு, படுத்துறங்கிப் போனது எத்தனை தடவை? அவருக்கு டிக்கெட் எடுத்தது யார்? மேஸ்திரி எடுத்தார். அந்தக் காசு எங்கே போயிற்று? முன்பணக் கணக்கில் ஏறிற்று. வேலை தொடங்கும் முன்பே கடன் தொடங்கிவிட்டது.

டிக்கெட் ஒரு சின்ன விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! டிக்கெட்டுக்குப் பணம் போடுகிறவர்தான் போகிற இடத்தையும் திரும்புகிற நாளையும் தீர்மானிக்கிறார்.

ஐரோப்பாவில் ஒரு பாஸ்

ஐரோப்பாவில் ஒரு ரயில் பாஸ் உண்டு. வெளிநாட்டாருக்காக 1959-லும், அந்தக் கண்டத்து இளைஞர்களுக்காக 1972-லும் தொடங்கியது. இன்று 33 நாடுகளில் செல்லும். குறித்த நாட்களுக்கு ஒரே தடவை பணம் கட்டிவிட்டால் போதும். எல்லைக்கு எல்லை டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. வியன்னாவில் இரவு ரயில் ஏறிக் காலையில் ரோமாபுரியில் கண் விழிக்கலாம். நள்ளிரவு தாண்டியும் அதே ரயிலில் போனால், இரண்டு நாள் பிரயாணத்துக்கும் பாஸில் ஒரு நாள்தான் கழியும். 2018 முதல், 18 வயது நிரம்பிய பிள்ளைகள் பல்லாயிரம் பேரை வினாடி வினா மூலம் தேர்ந்து, ஐரோப்பிய ஒன்றியமே இலவசமாக இந்தப் பாஸைக் கொடுக்கிறது. நாடு பார்த்து வா என்று அனுப்புகிறது!

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. பாஸ் வேறு, படுக்கை வேறு. இரவு ரயிலில் இடத்துக்கும் படுக்கைக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பாஸ் கையில் இருந்தும் படுக்கைக் காசு இல்லாதவர் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான். ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பாஸ் பிரயாணியின் பெயரில் இருக்கிறது, பிரயாணியின் கையில் இருக்கிறது. எங்கே இறங்குவது என்பதை அவரே முடிவு செய்கிறார்.

நம் பாட்டன்மார் கண்ட பாஸ்

நாடு விட்டு நாடு போகும் இரவு ரயில் தமிழனுக்குப் புதிதல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் மாலையில் ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி ராத்திரி ரயில். மூன்றாம் நாள் காலையில் கொழும்பு. ஒரே டிக்கெட்டில் இரண்டு நாடு! 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இந்தப் பாதை இருந்தது.

இதே பாதையில்தான் தேயிலைத் தோட்டக் கூலிகளும் போனார்கள். அவர்களுக்கும் ஒரு 'பாஸ்' இருந்தது. அதன் பெயர் தகர டிக்கெட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துரைமார் கொண்டுவந்த ஏற்பாடு அது. தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த ஒரு தகர வில்லை. அதைக் காட்டினால் ரயிலில் ஏற்றுவார்கள், முகாமில் சோறு போடுவார்கள், கப்பலில் ஏற்றுவார்கள். செலவெல்லாம் தோட்டத்தின் கணக்கு. வில்லையில் எந்தத் தோட்டம் பொறித்திருக்கிறதோ அங்கேதான் இறங்கலாம். வழியில் மனம் மாற இடமில்லை. கொழும்பு மெயிலில் துரை படுத்துறங்கிப் போனார். கூலியோ மண்டபம் முகாமில் நாள் கணக்கில் அடைபட்டு, நோயில்லை என்று முத்திரை பெற்ற பின்புதான் கடல் தாண்ட முடிந்தது.

தோட்டம் போட்ட பணம் சும்மா விட்டுவிடுமா? கங்காணி மூலமாகக் கூலியின் தலையில் கடனாக இறங்கிற்று. கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' இல்லாமல் கூலி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-இல்தான் துண்டு முறை ஒழிந்தது. ஆள் சேர்க்கும் செலவைக் கூலியிடம் வசூலிக்கக்கூடாது என்ற சட்டங்கள் அதற்குப் பின்தான் வந்தன. வட ஆற்காடு, சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்களின் சேரிகளிலும் கிராமங்களிலும் பிறந்த லட்சோப லட்சம் பேர் கண்ட அனுபவம் இது.

தகர வில்லை ஒழிந்ததா?

ஒழிந்தது என்று யார் சொன்னது? இன்று மேஸ்திரி தம் கைப்பேசியில் பத்துப் பேருக்குச் சேர்த்து டிக்கெட் போட்டு, அதைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். அது தகர வில்லை அல்லாமல் வேறென்ன? சண்டை வந்து ஊர் திரும்ப நினைக்கும் மலைவாசியின் மடியில் டிக்கெட்டுக்குக் காசில்லை. காசு கிடைத்தாலும் முன்பணம் கழியாமல் விடமாட்டார்கள்.

இதன் கோர முகத்தையும் பார்த்துவிட்டோம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசின் துப்பாக்கிக்கு 20 தமிழர்கள் பலியானார்கள். ஜவ்வாது மலையின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. மாண்டவர்கள் கூலிக்காரர்கள், செம்மரக் கடத்தல் முதலாளிகள் அல்லர். பிழைப்புத் தேடிப் போகிற பாதை ஏஜண்டின் கையில் இருந்தால், அது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

2020-ஐ மறந்துவிட முடியுமா? ஊரடங்கில் சிக்கிய தொழிலாளரின் ரயில் கட்டணத்தை யார் கொடுப்பது என்று மத்தியும் மாநிலமும் வாதாடின. கட்டணம் வாங்கக்கூடாது என்று மே 28-இல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள், ரயில் பிடிக்க நடந்துபோய் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் மே 8 அதிகாலையில் சரக்கு ரயிலில் நசுங்கினார்கள். ரயிலில் படுக்கை இல்லாதவனுக்குத் தண்டவாளமே படுக்கையாயிற்று!

சர்க்காரால் முடியாதா?

'இவ்வளவு பேருக்கும் பாஸ் கொடுத்தால் ரயில்வே திவாலாகும்' என்பார்கள். சரி, பார்ப்போம். படுக்கைக் கட்டணமும் சேர்ந்த பாஸ் ஒன்று நம் ரயில்வேயிலேயே இருந்தது. இந்திரெயில் பாஸ் என்று பெயர். 2017 வரை விற்றார்கள். ஆனால் அது அந்நியச் செலாவணி கொண்டுவரும் வெளிநாட்டாருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் மட்டும்! பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு முதல் வகுப்பு இலவசப் பாஸ் இன்றும் உண்டு. ஆகவே பாஸ் கொடுக்கத் தெரியாதவர்கள் அல்லர். யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஏழைக்கு என்று 2009-இல் 'இஜ்ஜத்' பாஸ் வந்தது. மாதம் 25 ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் மாத வருமானம் 1,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. தூரம் 100 கிலோமீட்டர் என்று தொடங்கினார்கள். நாளுக்கு 50 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் ஏழையல்ல என்று பொருள்! சாதாரண சீசன் டிக்கெட்டோ 150 கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னையே 200 கிலோமீட்டருக்கு மேல். கேரளத்துக்குப் போகிறவருக்கு இதனால் என்ன பிரயோஜனம்?

சட்டமும் பின்னோக்கிப் போகிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கு வழிச்செலவு, பிரயாண நாளுக்குக் கூலி, இடப்பெயர்ச்சிப் படி என்று 1979-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. ஐந்து பேர் இருந்தாலே அது செல்லும். 2025 நவம்பர் 21 முதல் அமலான புதிய தொகுப்புச் சட்டத்தில் இடப்பெயர்ச்சிப் படி காணோம். ஐந்து பேர் என்பது பத்துப் பேராயிற்று. போய்வரும் செலவை முதலாளி தர வேண்டும் என்ற விதி மட்டும் மிச்சம். அதையாவது ஏஜண்டின் பையிலிருந்து தொழிலாளியின் கைக்கு மாற்ற வேண்டாமா?

நாம் கேட்பது இதுதான்:

வெளிமாநிலம் போகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் பெயரிலேயே வருஷ ரயில் பாஸ். அதை ஜமுனாமரத்தூர் யூனியன் ஆபீசிலேயே வழங்க வேண்டும்.

அந்தப் பாஸ் மாநில எல்லைகளைத் தாண்டிச் செல்ல வேண்டும். இரவு ரயிலில் படுக்கையும் அதில் அடக்கம்.

செலவைத் தோட்ட முதலாளியிடமும் ஆலை முதலாளியிடமும் சர்க்கார் வசூலிக்க வேண்டும். கூலியின் கடனில் ஒரு காசும் ஏறக்கூடாது.

ஒவ்வொரு இரவு ரயிலிலும் பொதுப் பெட்டிகளைக் கூட்ட வேண்டும்.

ஆலைத் தொழிலாளித் தோழரே, இது மலைவாசியின் பிரச்னை என்று ஒதுங்கிவிடாதீர்கள். முன்பணத்தில் கட்டுண்டு வருகிறவர் குறைந்த கூலிக்கும் தலையாட்டத்தான் வேண்டும். அந்தக் கூலியைக் காட்டித்தான் முதலாளி உங்கள் கூலியையும் வெட்டுவார். விவசாயத் தொழிலாளித் தோழரே, நாளை உங்கள் ஊரில் மழை பொய்த்தால் அந்தப் பொதுப் பெட்டியின் கதவோரத்தில் உட்காரப் போவது நீங்கள்தான்.

திரும்பிவரும் டிக்கெட் தன் மடியில் இருக்கிற தொழிலாளி, 'இந்தக் கூலிக்கு வேலை செய்யமாட்டேன்' என்று நிமிர்ந்து சொல்லலாம். அதற்காகத்தான் அந்தப் பாஸ் அவர் கையில் இருக்க வேண்டும்.