ஹாங்க் ஆரன் கணக்கில் நான் விட்ட பிழை



இன்று ஏப்ரல் 8. என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்தவர்களுக்கு இந்தத் தேதி ஞாபகம் இருக்கலாம். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால், பாடமெல்லாம் முடிந்து ரிவிஷன் ஓடும் நாட்களில், ஹாங்க் ஆரன் கதையைச் சொல்லி ஒரு கணக்கும் போடச் சொல்வேன். அந்தக் கதையை நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இன்று அதைத் திருத்தி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்பால் தெரியாத சொந்தக்காரர்களுக்காக இரண்டு வரி. பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் ஹோம் ரன். நம்ம சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைவிட அபூர்வம். அமெரிக்காவில் பேப் ரூத் என்ற வெள்ளையர் 714 ஹோம் ரன் அடித்து 1935-இல் ஓய்வு பெற்றார். அந்த எண்ணை யாரும் தொடமாட்டார்கள் என்று அங்கே தாத்தாக்கள் பேரன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 39 வருடம் கழித்து, 1974 ஏப்ரல் 8 அன்று, அட்லாண்டா மைதானத்தில் 715-ஐ அடித்தவர் அலபாமா மாநிலம் மொபீல் ஊரில் பிறந்த கறுப்பினத்தவர் ஹாங்க் ஆரன்.

முதலில் கணக்கு, ஏனென்றால் கணக்கில் நான் தப்பு செய்யவில்லை. ஆரன் 23 வருடம் ஆடினார். ஒரே ஒரு வருடம்கூட 50 ஹோம் ரன் அடித்ததில்லை, அதிகபட்சம் 47. ஆனால் 1955 முதல் 1974 வரை, தொடர்ந்து 20 வருடம், ஒரு வருடம்கூட 20-க்குக் கீழே இறங்கவில்லை. கடைசியில் மொத்தம் 755. அவருடைய ஹிட்கள் மொத்தம் 3771. 3000 ஹிட் அடித்தாலே அங்கே மகா ஆட்டக்காரர் என்று பெயர். 3771-இல் 755-ஐக் கழியுங்கள். 3016. அதாவது ஹோம் ரன்னே அடிக்காதவராக இருந்திருந்தாலும் அவர் அந்த வரிசையில் நின்றிருப்பார்!

இன்னொன்று. அடித்த அடியால் எத்தனை பேஸ் கிடைத்தது என்று கூட்டிப்பார்த்தால் 6856. இன்றுவரை யாரும் தாண்டாத எண் இது. ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. பெருக்கி கிலோமீட்டராக்கினால் சுமார் 188 வரும். வகுப்பில் இதைப் போடவைத்தபோது ‘சார், விழுப்புரம் தாண்டியாச்சா சார்?’ என்று ஒருவன் கேட்டான்.

சரி, கதைக்கு வருகிறேன். நான் பி.எட். படித்தபோது சென்னை அமெரிக்க நூலகத்தில்தான் ஆரனைப் பற்றி முதலில் படித்தேன். 1973 சீசன் முடிந்தபோது அவர் கையில் 713. இன்னும் இரண்டு அடித்தால் போதும், ஆனால் குளிர்காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் அவருக்கு வந்த கடிதங்கள் சுமார் 9 லட்சத்து 30 ஆயிரம் என்று கணக்கு. பாராட்டுக் கடிதங்களும் நிறைய உண்டு. முக்கியமாக, மிரட்டல் வருகிறது என்ற செய்தி வெளியே தெரிந்த பிறகு ஆதரவு குவிந்தது. ஆனால் வசைக்கும் கொலை மிரட்டலுக்கும் குறைவில்லை. ஒரு வெள்ளையரின் சாதனையைக் கறுப்பர் முறியடிக்கக் கூடாது, அதுதான் விஷயம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளைக் கடத்துவோம் என்றும் மிரட்டினார்கள். அவருக்குக் காவலுக்குப் போன போலீஸ்காரர் பைனாகுலர் உறைக்குள் துப்பாக்கியை வைத்திருந்தார். அட்லாண்டாவில் ஒரு பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர், எதற்கும் இருக்கட்டும் என்று ஆரனுக்கு இரங்கல் செய்தியையே தயார் செய்து வைத்திருந்தார்.

715 அடித்த ராத்திரி, அவர் பேஸ் சுற்றி ஓடும்போது இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் கூட்டத்திலிருந்து குதித்து ஓடிவந்து முதுகில் தட்டினார்கள். அவர்கள் வாழ்த்தத்தான் வந்தார்கள். ஆனால் அந்தக் காவலர் அந்த ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்திருக்கிறது. ஓடி முடித்ததும் அம்மா வந்து மகனை இறுகக் கட்டிக்கொண்டார். யாராவது சுட்டால் தன்மேல் படட்டும் என்றுதான் அப்படிப் பிடித்தாராம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு வகுப்பில் எப்படி முடிப்பேன் தெரியுமா? ‘பார்த்தீங்களா, யார் என்ன சொன்னாலும் பொறுமையா தன் வேலையைப் பார்த்தார், ஜெயிச்சார். நீங்களும் அப்படி இருக்கணும்.’

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பேட்ச் மாணவர்கள் சந்திப்புக்கு அழைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் ஒரு மாணவர், இன்று நல்ல பதவியில் இருப்பவர், மெதுவாகச் சொன்னார்: ‘சார், அந்த ஆரன் கதையை என்னைப் பார்த்துத்தான் சொல்வீங்க. வகுப்புல என் சாதியச் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன். அடுத்த நாள் இந்தக் கதையைச் சொன்னீங்க. கூப்பிட்டவனை ஒண்ணும் கேக்கல.’

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது. அவர் சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அன்று சைக்கிளில் வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் இருந்தது.

அதற்குப் பிறகு ஆரனைப் பற்றி மறுபடியும் படித்தேன். பொறுமைசாலி என்று நான் சொன்ன மனிதர் அந்தக் கடிதங்களைத் தூக்கிப்போடாமல் பல வருடம் வைத்திருந்தார். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமாக இருந்திருக்க வேண்டிய நாட்களை என்னிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்ற பொருளில் வயதான பிறகும் பேசிக்கொண்டிருந்தார். 1952-இல், பதினெட்டு வயதில், கறுப்பர் அணி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தபோது வாஷிங்டனில் ஓர் உணவகத்தில் அணியோடு சாப்பிட்டார்; சாப்பிட்டு முடித்ததும் உள்ளே அந்தத் தட்டுகளை உடைக்கும் சத்தம் கேட்டது. சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்தும் அந்தச் சத்தம் அவரை விட்டுப் போகவில்லை. 714-ஐ அடித்த 1974 ஏப்ரல் 4 மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட தினம். ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிட மௌனம் வேண்டும் என்று கேட்டார். நடக்கவில்லை. கேட்டார் என்பதே எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் என் பொறுமைக் கதைக்குள் அது அடங்கியிருக்காது.

2007-இல் பேரி பாண்ட்ஸ் 755-ஐத் தாண்டி 762-இல் முடித்தார். ஊக்கமருந்து சர்ச்சை இருப்பதால் யார் உண்மையான சாதனையாளர் என்று அட்லாண்டாவில் இருக்கும் என் மருமகன் இன்னும் சண்டை போடுவார். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. ஆரனே வீடியோவில் வாழ்த்திவிட்டார். 1982-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்த 415 பேரில் 9 பேர் ஆரன் பெயரை எழுதவில்லை. அந்த 9 பேர் என்ன நினைத்தார்கள் என்றுதான் யோசிப்பேன்.

2018-இல் மகள் வீட்டுக்குப் போனபோது அந்த இடத்தைப் பார்த்தேன். மைதானத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். கார் நிறுத்தும் இடத்தில் பந்து தாண்டிய வேலியில் ஒரு துண்டு மட்டும் 715 என்ற எண்ணோடு நின்றது. போட்டோ எடுத்து ‘விடாமுயற்சி’ என்று எழுதி இதே பக்கத்தில் போட்டேன். முந்நூறு பேர் லைக் போட்டீர்கள். நேற்று அதை எடுத்துவிட்டேன்.

அந்த மாணவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் சார் என்றார். அன்று அவரை அப்படிக் கூப்பிட்டவர்களும் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்கள் நம்பர் அவரிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. இந்த வாரம் நானே கூப்பிடுகிறேன்.