ஏரி நடுவே எழுந்த ஊர்களா?

ஆல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள ஏரிகளின் தொல்குடியிருப்புகள் என்றதும் ஒரே சித்திரம்தான் காட்டப்படுகிறது: ஏரி நடுவே மரத்தூண்கள், அவற்றின் மேல் பரந்த மேடை, மேடையில் குடிசைகள், அங்கே ஒதுங்கி வாழ்ந்த ஒரே இன மீனவர் கூட்டம். இந்தச் சித்திரம் எல்லா ஊர்களுக்கும் பொருந்தாது என்று அகழாய்வு காட்டிவிட்டது.

ஊர்கள் நீரின் மேல் நின்றன என்பது முதல் கூற்று. 1853-54 குளிர்காலத்தில் சூரிச் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோது ஓபர்மைலன் கரைச் சேற்றில் தூண்கள் வெளிப்பட்டன. இன்று நீருக்குள் இருப்பவை அன்றும் நீரில்தான் நின்றிருக்கும் என்று தொல்லியலாளர் பெர்டினாண்ட் கெல்லர் 1854இல் முடிவு கட்டினார். அவருடைய மேடை ஊருக்கு முன்மாதிரி, நியூகினித் தீவின் கடலோரக் கிராமத்து ஓவியம். ஆனால் ஏரியின் நீர்மட்டம் காலந்தோறும் ஏறி இறங்குவது. நீர் விலகியிருந்தபோது கரையில் கட்டிய வீடுகள் பல, பிறகு ஏறிய நீரில் மூழ்கின. சுவிட்சர்லாந்தின் எகோல்ஸ்வில்லில் களிமண் அடுப்புகள் தரையிலேயே அமைந்திருந்தன. அதற்காக, நீரில் வீடே இருந்ததில்லை என்பதும் பிழை. வட இத்தாலியின் ஃபியாவேயில் வெண்கலக் கால மக்கள் ஏரிக்குள்ளேயே நெடுந்தூண்களை இறக்கி வீடு கட்டியிருக்கிறார்கள். இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் கட்டுமானம் மாறியது.

ஒரே பெரிய மேடையில் ஊர் முழுதும் இருந்தது என்பது இரண்டாவது. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள ஆர்போன் பிளைக்கே 3 என்ற அகழாய்விடம் இதற்கு நேரடி மறுப்பு. மரம் வெட்டப்பட்ட ஆண்டைக் காட்டும் வளர்ச்சி வளையங்களைத் தூண்களில் ஆராய்ந்தபோது முதல் வீடு கி.மு. 3384இல் எழுந்ததும், அடுத்தடுத்துத் தனித்தனி வீடுகள் சேர்ந்ததும், கி.மு. 3370இல் ஊர் எரிந்ததும் தெரிந்தன. பதினைந்து ஆண்டுகூட நிலைக்காத ஊர் அது. பல இடங்களில் வெவ்வேறு காலத்து ஊர்களின் தூண்கள் ஒரே சேற்றில் நெருங்கி நிற்கின்றன. அந்த நெருக்கமே ஒற்றை மேடை என்ற மயக்கத்தைத் தந்தது.

மீன்பிடித்துப் பிழைத்த எளிய கூட்டம் என்பது மூன்றாவது. காற்றுப் புகாத ஈரச்சேறு காத்துத் தந்த சான்றுகள் வேறு கதை சொல்கின்றன: கோதுமை, பார்லி, கசகசா, ஆளிநார்த் துணி, ஆடுமாடுகளின் எலும்பு. ஸ்லோவேனியாவின் லுப்லியானா சதுப்பில் 2002இல் கிடைத்த மரச்சக்கரமும் அச்சும் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. இவர்கள் உழவர்கள், நெசவாளர்கள், தேர்ந்த தச்சர்கள்.

எல்லோரும் ஒரே இனம், ஒரே பண்பாடு என்பது கடைசிக் கூற்று. யுனெஸ்கோ 2011இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த 111 இடங்கள் ஆறு நாடுகளில் பரவியிருக்கின்றன, ஏறத்தாழ கி.மு. 5000 முதல் கி.மு. 500 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. இத்தனை நெடிய காலத்தையும் இத்தனை ஊர்களையும் ஒரே மக்களின் கதையாகச் சுருக்குவது அநியாயம்.

எந்த ஆண்டில் எந்த மரம் வெட்டப்பட்டது என்பதையே சொல்லும் சான்றுகள் கையில் இருக்கும்போது கற்பனைச் சித்திரத்தைத் தொடர்ந்து அச்சிட இனி நியாயமில்லை. ஏரிக்கரை ஊரைப் பற்றி எழுதுபவர்கள் அது எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.