புத்தகத்தைப் பறித்தவர்கள் நாமே

"பிள்ளைகள் வாசிப்பதில்லை, கைபேசி கெடுத்துவிட்டது" என்னும் குறையை ஜும்ஆ பயானிலும் கேட்கிறோம், நிக்காஹ் மஜ்லிஸிலும் கேட்கிறோம். கைபேசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் சாட்சிகளாக நின்றுகொள்கிறோம். அந்தக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவர்கள் பெற்றோரும், மதரஸாவில் பாடம் நடத்தும் எம் போன்றோருமே.

சில ஆண்டுகளுக்கு முன் மாலை மக்தபில், யஸ்ஸர்னல் குர்ஆனுக்கு அடியில் கதைப் புத்தகமொன்றை மறைத்து வைத்து வாசித்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவனைக் கண்டித்தோம். புத்தகத்தைப் பறித்து அலமாரியில் பூட்டினோம். தந்தையிடம் முறையிட்டோம், அவரும் நன்றி சொல்லிச் சென்றார். வீட்டிலும் அவன் வாசிப்பதை விட்டுவிட்டான் என்று அவனுடைய தாயார் பின்னொரு நாள் சொன்னபோதுதான் எமக்கு உறைத்தது. பாட நேரத்தில் அவன் செய்தது தவறே. ஆனால் பாடம் முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் அல்லவா?

"ஓதுகிற பிள்ளைக்குக் கதை எதற்கு, அது வீண்" என்று அன்று நாமும் எண்ணினோம். யூசுஃப் (அலை) அவர்களின் சரிதையை வரலாறுகளில் மிக அழகியது என்று அல்லாஹ்வே சிறப்பித்திருக்க, கதை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்க நாம் யார்?

"இக்ரஃ என்றால் ஓது என்றே பொருள்; புத்தகம் வாசி என்பதன்று" என ஆலிம் நண்பர் ஒருவர் எம்மிடம் வாதிட்டார். எழுதப் படிக்கக் கற்றிராத நபி (ஸல்) அவர்களுக்கு அருளப்பட்ட சொல் அது என்பதால், அவர் வாதத்தில் நியாயமுண்டு. ஆனால் அதே அலக் அத்தியாயத்தின் நான்காம் வசனம் எழுதுகோலைக் குறிப்பிடுகிறதே! பத்ருப் போரின் கைதிகளில் மீட்புத்தொகை செலுத்த வழியற்றவர்கள் அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதையே மீட்பாக நபியவர்கள் ஏற்றார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. கற்பித்தவர்கள் அப்போது இஸ்லாத்தில் இல்லாதவர்கள்; கற்பித்தது மார்க்கப் பாடமும் அன்று.

மக்தபில் நாம் அன்றாடம் காண்பதைச் சொல்கிறோம். குர்ஆனைச் சரளமாக ஓதும் பிள்ளையின் கையில் தமிழ்த் தர்ஜமாவைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். வாக்கியத்தின் முடிவை எட்டும்போது தொடக்கம் மறந்துபோகிறது. வீட்டில் கதை வாசித்துப் பழகிய பிள்ளை அப்படியன்று. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், ஏன் அழுகிறார் என்று பின்தொடர்கிறது. "ஹஜ்ரத், யஃகூப் நபியும் நபிதானே? யூசுஃப் உயிரோடிருப்பதை அல்லாஹ் ஏன் அவர்களுக்கு முதலிலேயே அறிவிக்கவில்லை?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அன்றிரவு நாம் தஃப்ஸீரைப் புரட்ட வேண்டியதாயிற்று. பிறருடைய துயரத்திற்குள் நுழைந்து பார்க்கும் அந்தப் பழக்கத்தை அவளுக்கு நாம் கற்பிக்கவில்லை. அவள் வாசித்த கதைகள் கற்பித்தன. (இத்தகைய கேள்விகளுக்கு அஞ்சித்தான் நம்மில் சிலர் புத்தகத்தைத் தடுக்கிறோமோ என்னவோ!)

வாசிப்பு நமக்குப் புதிதும் அன்று. பள்ளிக்கூடம் கண்டிராத நம் மூதாட்டிகள் அரபுத்தமிழ்க் கிதாபுகளை வாசித்தார்கள். இலங்கையின் சித்தி லெப்பை 1885ஆம் ஆண்டிலேயே 'அசன்பேயுடைய சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். 1938இல் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' எழுதினார். அந்த ஊர்களின் வழிவந்த நம் வீடுகளில் இன்று ஷோகேஸ் உண்டு. அதில் பீங்கான் கோப்பைகள் உண்டு. பிள்ளைக்கென ஒரு புத்தகம் இல்லை. தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். வரி கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கும் நாம், கிளை நூலகத்தின் வாசலைப் பிள்ளைக்கு ஒரு முறையேனும் காட்டினோமா?

பூட்டி வைத்த புத்தகம் இன்னும் எம் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பிள்ளை இப்போது வேறு ஊரில் வசிக்கிறான். வரும் மாதம் முதல், இன்ஷா அல்லாஹ், வியாழன் மாலைகளில் பாடம் முடிந்தபின் அரைமணி நேரம் பிள்ளைகள் தாம் விரும்பும் புத்தகத்தை மக்தபிலேயே வாசிப்பார்கள். ஆட்சேபம் உள்ள பெற்றோர் அந்நேரம் வந்து எம்மிடம் பேசலாம். அவர்களுக்கும் ஒரு புத்தகம் எடுத்து வைத்திருப்போம்.