உத்தியோகமும் சங்கீதமும்

நம் கல்லூரியில் மூன்றாண்டுக் காலம் விழாதோறும் பாடியும் வாத்தியம் வாசித்தும் வந்த மாணவர் ஒருவர், பட்டம் பெற்று உத்தியோகத்தில் அமர்ந்த சில மாதங்களுக்குள்ளேயே அவருடைய வயலின் பெட்டி பரண்மேல் ஏறிவிடுகிறது. காரணம் கேட்டால், "பொழுது எங்கே இருக்கிறது?" என்பர். பழைய மாணவர் கூட்டங்களில் இவ்விடையைக் கேட்டுக் கேட்டு நாம் சலித்துவிட்டோம். அது முழுப் பொய்யன்று. பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நாள்தோறும் அங்கே சென்று வேலை பார்த்து மீள்வோருக்குப் பிரயாணத்திலேயே இரண்டு மூன்று மணி நேரம் கழிகிறது. தோப்பும் கடையும் உடையவர்க்கோ வேலை நேரம் என்று ஓர் எல்லையே இல்லை. ஆயினும் பொழுதின்மை ஒன்றே காரணம் என்பதை நாம் ஒப்பவில்லை. பாடினால் கச்சேரி வித்துவானைப் போலப் பாடவேண்டும், இயலாவிடின் வாய் திறவாதிருத்தலே மரியாதை என்னும் எண்ணமே பெட்டியைப் பரணில் ஏற்றுகிறது.

இவ்வெண்ணத்துக்கு மாறாக நம் கொங்கு நாட்டிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். ஈரோட்டைச் சார்ந்த மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்த பெ. தூரன் அவர்கள் கச்சேரியால் பிழைத்தவரல்லர். கோபிசெட்டிபாளையத்திலும், பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னார். பின்னர்த் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியரானார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அப்பெருநூல், ஒரு மனிதனுடைய காலம் முழுவதையும் விழுங்கத் தக்கது. அவரோ அவ்வேலைகளுக்கிடையே ஏறக்குறைய 600 தமிழ்ப் பாடல்களை இயற்றினார். இன்று நம் மாணவிகள் போட்டிகளில் பாடும் பாடல்கள் பல அவருடையவை. பாடுவோர் பலர் அதனை அறியார் என்பது வேறு விஷயம். தமிழ்ப் பாட்டுக்குச் சபைகளில் இடமுண்டோ இல்லையோ என்று வித்துவான்கள் வாதாடிய காலத்தில், சபையின் விலையைக் கணக்கிடாது அவர் எழுத முடிந்தமைக்கு, மாதச் சம்பளம் வேறிடத்திலிருந்து வந்ததும் ஒரு காரணமாகும் என்று நாம் கருதுகிறோம். உத்தியோகம் சங்கீதத்துக்குச் சத்துரு என்பாருக்கு இதனையே விடையாகச் சொல்வோம்.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சரித்திரமும் இவ்வகையதே. ஆசிரியராயிருந்து பின் வைத்தியரான அவர், மருந்து விற்று ஈட்டிய பொருளைக் கொண்டே 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களை வரவழைத்து மகாநாடுகள் நடத்தினார். 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தை எழுதத் துணிந்த கையும் சூரணம் இடித்த கையும் ஒன்றே.

எல்லாருக்கும் இவ்வாறு நிறைவேறும் என்று சொல்லி இளைஞரை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ருஷ்ய தேசத்தில் இரசாயனப் பேராசிரியராயிருந்த போரொதின் 1869இல் தொடங்கிய இசைநாடகத்தை 1887இல் இறக்கும்வரை முடிக்க முடியவில்லை. நண்பர் இருவர் முடித்துக் கொடுத்தனர். அது நஷ்டமே. பகல் முழுதும் வகுப்பில் பேசிக் கட்டிய தொண்டை இரவில் மேல் ஷட்ஜத்தைத் தொடாது. இவற்றை அறிந்தே இறங்கவேண்டும்.

நம் ஊரார் இதனை நம்மினும் நன்றாக அறிந்திருக்கின்றனர். வள்ளிக்கும்மி பயிலும் கிராமங்களுக்குச் சென்று பாருங்கள். பகலில் தோப்பிலும் ஆலையிலும் கடையிலும் உழைத்தவர் இரவில் கோவில் மைதானத்திலே விளக்கு வெளிச்சத்தில் கூடி, வாத்தியார் பாட, அடி பிசகாமல் ஆடிப் பழகி அரங்கேற்றம் செய்கின்றனர். 2024இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் அவர்கள், ஆடவரே ஆடிவந்த அக்கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்தவர். அங்கே "நான் வித்துவானல்லவே" என்று யாரும் ஒதுங்கி நிற்பதில்லை. படித்தவர்க்கு மட்டும் இக்கூச்சம் எங்கிருந்து வந்ததோ!

அப்பியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் அரைமணி நேரம் போதும். ஆனால் அது நாள் தவறலாகாது. ஞாயிறன்று ஐந்து மணி நேரம் பாடிவிட்டு ஆறு நாள் மௌனம் பூணுவதால் குரல் கெடுவதன்றி வேறு பயனில்லை. பேருந்தில் தொடையிலே தாளமிட்டுப் பல்லவியை மனத்துக்குள் பாடுவதற்கு நடத்துநர் தனிச்சீட்டுக் கேட்பதில்லை. உத்தியோக நேரத்தைத் திருடிச் சங்கீதத்துக்குக் கொடுப்பதை மட்டும் நாம் கண்டிக்கிறோம். சம்பளம் கொடுப்பவன் பாட்டுக்காகக் கொடுக்கவில்லை.

வேறொரு கடமையும் உண்டு. அதனை ஒருவரும் பேசக் காணோம். வேலையிலிருப்பவர் நன்றாகப் பாடத் தொடங்கியவுடன் உறவினர் கலியாணத்தில் இலவசமாகப் பாட அழைக்கின்றனர். அவரும் மகிழ்ந்து செல்கிறார். அன்று அப்பந்தலில் அமர்ந்து வாசித்துப் பிழைக்கவேண்டிய நாதஸ்வரக்காரரும் தவிற்காரரும் வீட்டிலிருக்கின்றனர். நமக்கு அது விளையாட்டு. அவர்களுக்கு அது உலையரிசி. தொழிற்கலைஞர் அமரவேண்டிய இடத்தில் இலவசமாக அமர்தல் தகாது. அவரிடம் பாடங் கேட்டு முறையாகச் சம்பளம் கொடுப்பதே தகும்.

பெண்மக்கள் நிலை இன்னும் வருந்தத்தக்கது. நம் மாணவிகளிற் சிறப்பாகப் பாடுவோர் பலர் மணமான பின் பாடுவதில்லை. அலுவலகம், அடுக்களை என்று இரண்டு உத்தியோகம் பார்ப்பவளை நோக்கி "விடியலில் சாதகம் செய்" என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. அவ்வரைமணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி அவள் கணவனிடந்தான் சொல்லவேண்டும். அவரும் பெரும்பாலும் நம் பழைய மாணவராகவே இருப்பார். ஆகையால் இங்கேயே சொல்லிவிட்டோம்.

கல்லூரித் தலைவரவர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் சங்கீத அறை சனிக்கிழமை மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. ஊரிலிருக்கும் பழைய மாணவர் ஆணும் பெண்ணுமாக வந்து கூடிப் பாட அதனைத் திறந்துவிட்டால், செலவு அதிகமாகாது. தம்புராவும் ஆர்மோனியமும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. மிருதங்கத்தின் வலந்தலைக்கு மட்டும் புதுத்தோல் போடவேண்டும்.