தங்கம் போயிற்று, தண்டவாளம் நிற்கிறது!

ரயில் வந்தால் ஊர் வளரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ரயில் யாருக்காக வந்தது, எதை ஏற்றிக்கொண்டு போகிறது என்ற கேள்வியும் உண்டு. இதைப் படித்துக்கொள்ளக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் நமக்கு வேறில்லை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கப் போன மண் அது.

1864-இல் ஜோலார்பேட்டைக்கும் பெங்களூருக்கும் இடையே பாதை திறந்தது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கச் சுரங்கத்தில் இறங்கியது. கனத்த இயந்திரங்களையும், சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரங்களையும் கொண்டுவர மாட்டு வண்டி போதவில்லை. எனவே 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டருக்குக் கிளைப்பாதை வந்தது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று நிலையங்களுக்கும் சுரங்கங்களின் பெயர்களே.

பாதை வந்தது கம்பெனிக்காக. ஆனால் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இறங்கியவர்கள் நம் மக்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத, தாழ்த்தப்பட்ட மக்கள். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி அவர்கள் வெட்டிய தங்கம் வெளியே போயிற்று. அவர்கள் வாங்கிய கூலி ஊரிலேயே செலவாயிற்று. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருக்கள் அந்தக் கூலியில் வளர்ந்தவை.

2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. சோறு போட்ட தொழில் போனால் ஊர் காலியாவதுதான் உலக வழக்கம். தங்கவயல் காலியாகவில்லை. காரணம், தங்கத்துக்காகப் போட்ட தண்டவாளம் அங்கேயே இருந்ததுதான். விடியுமுன் ஆயிரக்கணக்கானோர் வண்டியேறிப் பெங்களூருக்குப் போகிறார்கள். கட்டட வேலை, தையல் ஆலை, ஓட்டல், துப்புரவு, அலுவலகம் என்று எல்லா வேலைக்கும் போகிறார்கள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. அங்கே வாடகை கொடுக்க முடியாதவர்களுக்குச் சீசன் டிக்கெட்தான் வீடு. அவர்கள் கொண்டுவரும் சம்பளத்தில்தான் இங்கே மளிகைக் கடையில் படி அளக்கிறார்கள். அன்று வண்டி தங்கத்தை ஏற்றியது. இன்று உழைப்பை ஏற்றுகிறது.

வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச் காட்டியது. நாடெங்கும் பயணிகள் ரயில் நின்றபோது தினமும் போய்வந்தவர்களின் பிழைப்பும் நின்றது. பிறகு சாதாரண வண்டிகள் திரும்பியபோது குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் அது பழையபடி குறைந்தது. கடுதாசியில் 20 ரூபாய் அற்பமாகத் தெரியலாம். கூலிக்காரன் வீட்டில் அது ஒரு வேளைச் சாப்பாடு.

ஆகவே தோழர்களே, கால அட்டவணை என்பது ரயில்வே அதிகாரிகள் மட்டும் தீர்மானிக்கும் விஷயமல்ல. அது நமது கூலிப் பிரச்சினை. காலையிலும் மாலையிலும் வேலை நேரத்துக்கு ஏற்ற வண்டி வேண்டும், முன்பதிவில்லாப் பெட்டிகள் போதிய அளவில் வேண்டும் என்று கேட்போம். அத்தோடு நின்றுவிடக் கூடாது. சுரங்கத்தின் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தில் அந்த ஊர் மக்களுக்கே வேலை தரும் தொழில் வர வேண்டும் என்றும் கேட்போம். மகனையும் மகளையும் தினமும் வெளியூருக்கு அனுப்பினால்தான் அடுப்பெரியும் என்ற நிலை இருக்கும்வரை அதை வளர்ச்சி என்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.